நான்காம் குகையில் கிடைத்த ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம்.

சாக்கடலோரம் கும்ரானை ஒட்டிய பதினொரு குகைகளில், 1947 முதல் 1956 வரை கிடைத்த யூதச் சுருள்களில் இயேசுவின் பெயர் எங்குமே இல்லை. பெரும்பாலானவை அவர் பிறக்குமுன் எழுதப்பட்டவை. அவற்றின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. சீடர்கள் பிரசங்கிக்கத் தொடங்குமுன் யூதர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதை, பிற்காலக் கிறிஸ்தவர் கை படாமல் நாம் படிக்க முடிகிறது.

ஒரே ஒரு சுருளை எடுத்துக்கொள்வோம். நான்காம் குகையின் 521ஆம் எண். எபிரெய மொழி. எழுத்துகளின் வடிவத்தைக் கொண்டு, இந்தப் பிரதி கி.மு. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது என்கிறார்கள். அது படியெடுத்த காலம்தான். இயற்றிய காலம் இன்னும் முந்தியதாக இருக்கலாம்.

இனி லூக்கா 7:22ஐத் திறந்துகொள்ளுங்கள். "வருகிறவர் நீர்தானா?" என்று யோவான் ஸ்நானகர் இயேசுவிடம் ஆளனுப்பிக் கேட்கிறார். குருடர் பார்வையடைவது, சப்பாணிகள் நடப்பது, குஷ்டரோகிகள் சுத்தமாவது, செவிடர் கேட்பது, மரித்தோர் எழுவது, தரித்திரருக்கு நற்செய்தி என்று இயேசு அடுக்குகிறார். பக்கத்தில் பழைய ஏற்பாட்டின் ஏசாயா 35:5-6, 61:1 வசனங்களை எழுதி, பொதுவானவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சுபவை இரண்டு: குஷ்டரோகிகளும் மரித்தோரும். குஷ்டரோகிகள் அந்தச் சுருளிலும் இல்லை. மரித்தோரோ இருக்கிறார்கள்! காயப்பட்டவரைக் குணமாக்குவார், மரித்தோரை உயிர்ப்பிப்பார், எளியோருக்கு நற்செய்தி சொல்வார் என்கிறது அந்த வரி. மரித்தோரை அடுத்து எளியோர். லூக்காவிலும் அதே வரிசை.

இயேசு இந்தச் சுருளைப் படித்தார் என்று இதைக் கொண்டு சொல்லிவிடக் கூடாது. வருவார் என்று எதிர்பார்த்த மீட்பரான மேசியாவின் காலத்துக்கு அடையாளமாக இப்படியொரு பட்டியல் யூதரிடையே முன்பே வழங்கியது என்பது வரைதான் சான்று போகும். அதுவே பெரிய செய்தி. இன்னொரு சிக்கலும் உண்டு. சுருளில் இவற்றைச் செய்பவர் கடவுள். மேசியா சற்று மேலே பேசப்படுகிறார். கடவுள் அவர் வழியாகச் செய்கிறாரா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏழாம் குகையின் ஐந்தாம் துண்டு போதும். அது மாற்கு நற்செய்தி என்று 1972இல் ஒரு வாதம் எழுந்தது. அந்தக் கிரேக்கத் துணுக்கில் முழுதாகப் படிக்க முடிவது ஒரே ஒரு இணைப்புச்சொல். பெரும்பாலான அறிஞர்கள் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

அச்சிட்ட பதிப்புகளில் சதுர அடைப்புக்குள் வருபவை பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியவை, தோலில் இருப்பவை அல்ல. இஸ்ரேல் தொல்பொருள் துறையின் லியோன் லெவி மின்னூலகத்தில் சுருள்களின் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மொழிபெயர்ப்பைப் படிக்கும்போது படத்தையும் திறந்துவைத்து, ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.