யானைகள் நடனமாடுமா? ஒரு பழைய படத்தைப் பற்றி ஒரு சிறுவனின் கேள்விகள்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பேசப் போகிறேன். சேலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய எட்டு வயது மகன் தாத்தாவோடு உட்கார்ந்து ‘எலிஃபென்ட் பாய்’ என்ற பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்திருக்கிறான். பார்த்த நாளிலிருந்து கேள்விமேல் கேள்வி. “யானையெல்லாம் ராத்திரியில் காட்டுக்குள்ளே கூடி நிஜமாகவே டான்ஸ் ஆடுமா? அந்தப் பையன் உண்மையிலேயே யானைப் பாகனா? அந்தக் காடு எங்கே இருக்கிறது, நாம் போக முடியுமா?” தாத்தாவுக்கும் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். யானை பிடிக்கும் காட்சிகளைக் குழந்தைக்குக் காட்டியது சரிதானா என்ற கவலையும் கடிதத்தில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த படம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துமாய் என்ற சிறுவன் பாகன் வீட்டுப் பிள்ளை. அவனுடைய யானையின் பெயர் காலா நாக். அப்பாவைப் புலி கொன்றுவிடுகிறது. துக்கத்தில் யானை வெறிகொள்கிறது. அதைக் கொடுமைக்காரப் பாகன் ஒருவனிடம் ஒப்படைக்கிறார்கள். பையன் ராத்திரியோடு ராத்திரியாகத் தன் யானையைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுகிறான். மனிதர் யாருமே பார்த்திராத யானைகளின் நடனத்தை அங்கே பார்க்கிறான். காட்டு யானைகளைப் பிடிக்க வந்த பீட்டர்ஸன் துரைக்கு அந்தக் கூட்டம் இருக்கும் இடத்தையும் காட்டுகிறான். கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட ‘ஜங்கிள் புக்’ தொகுப்பில் உள்ள ஒரு சிறுகதைதான் இதற்கு மூலம். மௌக்லி வரும் அதே புத்தகம், ஆனால் மௌக்லிக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு கிடையாது. கதை நடப்பது வடகிழக்கே காரோ மலைப் பக்கம். கிப்ளிங் அதை எழுதியது அமெரிக்காவில், பனி கொட்டும் வெர்மான்ட் மாநிலத்தில் குடியிருந்தபோது.

படம் எடுத்தவர்கள் காரோ மலைக்குப் போகவில்லை, மைசூருக்கு வந்தார்கள். ஆவணப்பட உலகில் பெரிய பெயர் பெற்ற ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி 1935-இல் குடும்பத்தோடு வந்து இறங்கினார். மைசூர் மகாராஜா தங்குவதற்கு மாளிகை கொடுத்தார், யானைகளைக் கொடுத்தார், காட்டையே திறந்துவிட்டார் என்று சொல்லலாம். படத்தில் காலா நாக் என்று நாம் பார்க்கிறோமே, அது அரண்மனை யானை. பெயர் ஐராவதம்.

ஃப்ளாஹர்ட்டி எதற்கும் அவசரப்படாதவர். மாதக்கணக்கில் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். லண்டனில் இருந்த தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டாவுக்குப் பொறுமை போய்விட்டது. தன் தம்பி ஸோல்டான் கோர்டாவை இயக்குநராகப் போட்டு, லண்டனை ஒட்டிய டென்ஹாம் ஸ்டுடியோவில் மீதிக் கதையை எடுத்து ஒட்டினார். ஆகவே இது ஒரே பெயரில் வந்த இரண்டு படம். கபினி ஆற்றங்கரையில் எடுத்தது ஒன்று, டென்ஹாமில் எடுத்தது இன்னொன்று. 1937-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசை இருவருக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் மகனின் கேள்விகளுக்குப் பதில் இந்த ஒட்டுத்தையலில்தான் இருக்கிறது. எந்தக் காட்சி ஆற்றங்கரை, எந்தக் காட்சி ஸ்டுடியோ என்று பிரித்துப் பார்த்துவிட்டால் எது நிஜம், எது ஜோடனை என்பது தானாகவே தெரிந்துவிடும். பெரியவர்கள் வேடங்களில் பல வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வருகிறார்கள், பார்த்திருப்பீர்கள். அவர்கள் வாய் திறந்து நீளமாகப் பேசினாலே அது டென்ஹாம்தான்.

இப்போது பையனுக்கு வருகிறேன். ஆமாம், அவன் நிஜமான பாகன் வீட்டுப் பிள்ளை. பெயர் சாபு. 1924-இல் மைசூர் சமஸ்தானத்தில் காரப்பூரில் பிறந்தான். அப்பா மகாராஜாவின் யானைப் பாகன். தாயும் தகப்பனும் இல்லாமல், அண்ணன் நிழலில் அரண்மனை யானைக் கொட்டாரத்தில் வளர்ந்து வந்தவனை ஃப்ளாஹர்ட்டியின் ஒளிப்பதிவாளர் கண்டுபிடித்தார். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. படத்தின் தொடக்கத்தில் நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறானே, அந்தச் சிரிப்பை யாராலும் மறக்க முடியாது.

ஆனால் நான் உங்கள் மகனிடம் சொல்ல விரும்புவது வேறு. அடுத்த முறை படம் போடும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம், பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுமலை தெப்பக்காடு முகாமில் ஒரு விடியற்காலை நின்றிருந்தேன். ராகியும் கொள்ளும் சோறும் வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, செங்கல் அளவுக்குக் கவளம் பிடித்து அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு யானை வரிசைக்கு வந்தது. மேலே இருந்த பாகன் வாய் திறக்கவில்லை. அவருடைய இரண்டு பாதங்களும் யானையின் காதுகளுக்குப் பின்னால் புதைந்திருந்தன. வலது கால் பெருவிரல் லேசாக அழுந்தியது, அவ்வளவுதான். அத்தனை பெரிய உடம்பு ஓரடி நகர்ந்து, திரும்பி, சரியாகக் கவளத்துக்கு எதிரே நின்றது. காதுக்குப் பின்னால் தோல் மெல்லியது, விரல் பேசுவது அங்கே கேட்கும் என்று பிறகு அவரே சொன்னார்.

சாபுவின் பாதங்களும் அப்படித்தான் இருக்கும். தும்பிக்கையில் கால் வைத்து ஏறுகிற வேகம், ஏறியவுடன் முழங்கால் இரண்டும் கழுத்தில் பொருந்துகிற விதம், யானை ஆற்றில் இறங்கும்போது உடம்பைப் பின்னால் சாய்ப்பது. இவை யாரும் ஒத்திகை பார்த்துச் சொல்லிக்கொடுத்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து கூடவே வந்தவை. இங்கிலீஷ் வசனத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், யானையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, நடனம். யானைகள் கூடி நடனமாடுவதில்லை. அந்தக் காட்சி டென்ஹாமில் செய்தது. யானைக் கால் போலவே மாதிரிகள் செய்து ஆட்டி, நிஜ யானைகளின் காட்சிகளோடு வெட்டி ஒட்டினார்கள். சின்ன வயதில் அந்தக் கால்கள் மாறிமாறித் தரையை மிதிக்கும் சத்தத்தில் எனக்குப் புல்லரித்தது. இன்று பார்த்தாலும் புல்லரிக்கிறது.

ஆனால் இந்தக் கதை வெறும் கற்பனையில் முளைத்ததில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நாகரஹொளே, பந்திப்பூர்ப் பக்கம் அடர்ந்த காட்டுக்கு நடுவே திடீரென்று மரமே இல்லாத சதுப்புப் புல்வெளிகள் வரும். கன்னடத்தில் ‘ஹட்லு’ என்பார்கள். மண் மிதிபட்டு, சாணம் கிடந்து, ராத்திரி ஏதோ திருவிழா நடந்து முடிந்த இடம் போலவே இருக்கும். காலையில் அதைப் பார்க்கிற ஒரு பாகன் தன் பிள்ளைக்கு என்ன கதை சொல்லியிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்கின்றன. 1984-இல் அமெரிக்காவில் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் ஆசிய யானைகளுக்கு அருகே நின்றபோது, சத்தமே இல்லாமல் காற்று அதிர்வதை உணர்ந்தார். தேவாலயத்து ஆர்கனின் அடித்தள ஸ்வரம் நெஞ்சில் அதிருமே, அதுபோல. பதிவு செய்து ஆராய்ந்தபோது அது யானைகளின் பேச்சு என்று தெரிந்தது. ஆகவே காட்டில் யானைகள் கூடினால் ஏதோ நடக்கிறது, நமக்குத்தான் கேட்கவில்லை. உங்கள் மகனிடம் இதை அவசியம் சொல்லுங்கள். நடனம் பொய் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பிள்ளை மனம் வாடிவிடும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியாது. கட்டிப்போட்ட யானை இடமும் வலமும் தலையை ஆட்டிக்கொண்டே, கால் மாற்றி மாற்றி நிற்பதைக் கோயில் வாசலிலோ வேறு எங்கோ பார்த்திருப்பீர்கள். “பார், யானை ஆடுகிறது” என்று குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். அது ஆட்டம் கிடையாது. நாள் முழுக்கச் சங்கிலியில் ஒரே இடத்தில் நிற்கிற யானைக்கு வருகிற மன உளைச்சலின் அறிகுறி. காட்டில் திரிகிற யானை அப்படி ஆடுவதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். பெரியவர்கள் நாம்தான் சொல்லத் தயங்குகிறோம்.

யானை பிடிக்கும் காட்சி பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மைசூர்ப் பக்கம் அதற்குக் ‘கெட்டா’ என்று பெயர். நம் மலைகளில் அந்தக் காலத்தில் குழி வெட்டிப் பிடிப்பார்கள். கெட்டா வேறு மாதிரி. பறையும் தீப்பந்தமும் ஆரவாரமுமாக நூற்றுக்கணக்கானவர்கள் ஒரு கூட்டத்தையே சுற்றி வளைத்து, ஆற்றைக் கடக்க வைத்து, மரத்தூண் பட்டிக்குள் அடைத்துவிடுவார்கள். பிறகு கும்கிகளை உள்ளே விட்டுக் கயிறு போடுவார்கள். 1870-களில் ஜார்ஜ் சாண்டர்ஸன் என்ற ஆங்கிலேயர் மைசூரில் இதை நடத்திக் காட்டினார். கதையில் வரும் பீட்டர்ஸன் துரை அவரை வைத்து எழுதப்பட்டவர் என்று பலர் கருதுகிறார்கள். படத்தில் கூட்டம் கூட்டமாக யானைகள் ஆற்றில் இறங்கும் காட்சி முழுக்க நிஜம். அப்படியொரு காட்சியை இனி யாரும் எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது. மைசூரில் கடைசிக் கெட்டா நடந்தது 1971-இல்.

என் கருத்து, காட்டலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். தாயை விட்டுப் பிரியாமல் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு ஓடும் குட்டிகளை அந்தக் காட்சியிலேயே பார்க்கலாம். அங்கே படத்தை நிறுத்தி, “இந்தக் குட்டி இப்போது எங்கே போகும்?” என்று அவனையே கேளுங்கள். நான் என் தங்கை பிள்ளைகளிடம் கேட்டேன். இருவரும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சின்னவள், “துமாய் நல்லவன்தானே, அவன் ஏன் யானைக் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தான்?” என்றாள். படத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே கூர்மையான கேள்வி அதுதான். அவளுக்குச் சரியான பதில் இன்னும் என்னிடம் இல்லை.

சாபு பிறகு என்ன ஆனான் என்று தாத்தா கேட்டாராம். சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டன் போனான், ‘பாக்தாத் திருடன்’ படத்தில் நடித்தான், போர் வந்ததும் அமெரிக்கா போய்விட்டான். 1942-இல் வந்த வண்ணப் படமான ‘ஜங்கிள் புக்’கில் மௌக்லி அவன்தான். அந்தக் காடு முழுக்கக் கலிபோர்னியாவில் போட்டது. 1944-இல் அமெரிக்கக் குடிமகனாகி, அந்நாட்டு விமானப் படையில் குண்டுவீச்சு விமானத்தின் வால் பகுதியில் துப்பாக்கி வீரனாக இருந்து பதக்கம் பெற்றான். போருக்குப் பிறகு வாய்ப்புகள் குறைந்தன. 1950-களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு சர்க்கஸில் யானைகளோடு நிகழ்ச்சி நடத்தினான். 1963 டிசம்பரில் மாரடைப்பில் இறந்துபோனான். வயது 39. காரப்பூர்ப் பையனின் உடல் கலிபோர்னியா மண்ணில் இருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

கடைசிக் கேள்வி, அந்த இடத்துக்குப் போக முடியுமா? போகலாம், ஆனால் பாதி இடம் தண்ணீருக்குள் இருக்கிறது. வயநாட்டில் பிறந்து வரும் கபினியின் குறுக்கே 1974-இல் அணை கட்டினார்கள். கெட்டா நடந்த காக்கனகோட்டைக் காட்டின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. அந்தத் தண்ணீர்தான் திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலந்து மேட்டூருக்கு வருகிறது. சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போவதென்றால் ஏப்ரல், மே மாதத்தில் போங்கள். வெயிலில் நீர்த்தேக்கம் வற்றி, மூழ்கிய நிலம் வெளியே வந்து, அதில் இளம்புல் முளைத்திருக்கும். சுற்றியுள்ள காடெல்லாம் காய்ந்து கிடக்கிற நேரம். நாகரஹொளேயிலிருந்தும் பந்திப்பூரிலிருந்தும் யானைகள் ஒவ்வொரு கூட்டமாக இறங்கி வரும். ஆசிய யானைகள் இத்தனை பெரிய எண்ணிக்கையில் கூடுகிற இடங்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. ஒரு கூட்டத்துப் பாட்டி யானை இன்னொரு கூட்டத்தைக் கண்டதும் தும்பிக்கையை நீட்டி அதன் வாய்க்குள் வைத்து நலம் விசாரிக்கும். குட்டிகள் சேற்றில் விழுந்து புரளும். பறையும் கிடையாது, பந்தமும் கிடையாது. மாலையில் படகில் உட்கார்ந்தால், கரையில் இருப்பவற்றை எண்ணி முடிக்க உங்கள் மகனுக்கு விரல் போதாது.