சேம்பின் இரண்டு பெயர்கள்

அவைத் தலைவர் அவர்களுக்கும் அவையில் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மேசையின்மேல் இரண்டு கிழங்குகளும் ஓர் இலையும் வைத்திருக்கிறேன். கிழங்குகளை இன்று காலையில் சந்தையில் வாங்கினேன். ஒன்று, நம் வீடுகளில் வேகவைத்துத் தோலுரித்து வறுவலாகவோ மோர்க்குழம்பாகவோ ஆக்குகிற, கோழிமுட்டை அளவுள்ள சேப்பங்கிழங்கு. மற்றது ஏறக்குறைய ஒரு தேங்காய் அளவு பருத்து, வளையம் வளையமாகத் தழும்பேறிய கிழங்கு. இதற்கு என்ன பெயர் என்று விற்ற அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டும் சேம்புதான் சார், ரகந்தான் வேற" என்று சொல்லிவிட்டுத் தராசைத் தூக்கினார். அந்த அம்மா ஒரு நொடியில் சொன்ன இந்த முடிவை அச்சில் உறுதிப்படுத்த மேலைத் தாவரவியலுக்கு 1753 முதல் 1939 வரை, அதாவது 186 ஆண்டுகள் பிடித்தன. ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

முதலில் செடியைப் பார்த்துவிடுவோம். கிழங்கு என்றவுடன் வேர் என்று நினைக்கிறோம். சேம்பில் நாம் உண்பது வேர் அன்று, மண்ணுக்குள் பருத்த தண்டு. இந்தப் பெரிய கிழங்கில் தெரியும் ஒவ்வொரு வளையமும் ஓர் இலைக்காம்பு உதிர்ந்த வடு. வளையங்களுக்கிடையே மொட்டுகள் இருக்கின்றன. அந்த மொட்டுகள் பருத்துப் பக்கக்கிழங்குகளாகின்றன. ஆகவே தாவரவியல் இதைத் தண்டுக்கிழங்கு என்கிறது. மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும்போல வேர்க்கிழங்கு என்பதில்லை.

குடும்பம் அரேசியே. ஒருவித்திலைத் தாவரங்களில், தடித்த ஒரு கதிரில் சிறு பூக்கள் நெருங்கி அமர்ந்திருக்க, அந்தக் கதிரை ஒற்றை மடல் சுற்றி நிற்பது இக்குடும்பத்தின் அடையாளம். சேனையும் இக்குடும்பமே, வீட்டு வாசலில் வளர்க்கும் ஆந்தூரியமும் மணிப்ளாண்டும் இக்குடும்பமே. நாக்கையும் தொண்டையையும் அரிக்கச் செய்கிற ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றில் உண்டு. சேனையையும் சேம்பையும் நன்றாக வேகவைத்துப் புளி சேர்த்துச் சமைக்க வேண்டும் என்று நம் அடுக்களைகள் வைத்திருக்கும் விதிக்குக் காரணம் இதுதான்.

இப்போது இலை. காம்பு இலையின் ஓரத்தில் சேரவில்லை; ஓரத்திலிருந்து சற்று உள்ளே, இலையின் அடிப்பக்கத்தில் சேர்கிறது. குடையைத் தாங்கும் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து இப்போது நம் தோட்டங்களிலும் வளர்கிற, கேரளத்தார் பால்சேம்பு என்று அழைக்கும் சாந்தோசோமா இலையில் காம்பு நேராக இலையின் பிளவு முடியும் இடத்திலேயே சேரும். தோட்டத்தில் இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு சோதனை பெரும்பாலும் போதும். அலோகேசியா என்னும் பெரும் சேம்பை மட்டும் இலையால் பிரிப்பது கடினம். அதற்குப் பூவை அறுத்துப் பார்க்க வேண்டும். சேம்பின் சூற்பையில் சூல்கள் பலவாகச் சுவரில் ஒட்டியிருக்கும். அலோகேசியாவில் சிலவே, அடியில் ஒட்டியிருக்கும். பூக்காத செடியைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கேட்பவருக்கு இது எவ்வளவு உதவும் என்பதை உங்கள் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.

இந்த இலையின்மேல் சிறிது நீர் ஊற்றுகிறேன். ஒட்டாமல் முத்தாகத் திரண்டு உருள்கிறது. இலையைச் சாய்த்தால் ஓடிவிடுகிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்கிறோமே, அதே காட்சி. தாமரை இலையிலும் காம்பு நடுவில்தான் சேர்கிறது. தாமரைக்கும் சேற்றுக்குள் உண்ணத்தக்க கிழங்கு உண்டு. சேம்பின் அறிவியல் பெயருக்குள் நிகழ்ந்த முதல் குழப்பம் இந்த ஒற்றுமையில்தான் பிறந்தது என்று எண்ணுகிறேன்.

கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் எகிப்து அவரை என்று ஒரு நீர்ச்செடியை விவரித்து, அதன் வேருக்குக் கொலோகேசியா என்று பெயர் என்கிறார். அந்த எகிப்து அவரை தாமரை. பின்னாளில் நைல் நதிக் கரையிலிருந்து தாமரை மறைய, கிழக்கிலிருந்து வந்த சேம்பு அங்கே பயிராக, பெயர் மட்டும் செடி மாறிக் குடியேறிவிட்டது. அரபியில் குல்காஸ் என்றும் சைப்ரஸ் தீவில் கொலோகாசி என்றும் இன்று சொன்னால் அது சேம்பையே குறிக்கும். எகிப்தில் தங்கிச் செடிகளை நேரில் ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர் புரோஸ்பெரோ அல்பினி 1592-இல் வெளியிட்ட நூல் அந்நாட்டுச் செடிகளை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தது. 1623-இல் சுவிட்சர்லாந்துத் தாவரவியலார் காஸ்பர் பௌஹின் இந்தச் செடிக்கு எழுதிய இலத்தீன் பெயரைத் தமிழில் சொன்னால், 'பொதுமக்கள் கொலோகேசியா என்று அழைக்கும் மிகப் பெரிய எகிப்து ஆரம்' என்றாகும். ஆரம் என்பது இங்கே மாலையன்று, அரேசியே குடும்பத்துச் செடி ஒன்றின் இலத்தீன் பெயர். பெயரா, வாக்கியமா என்று கேட்கத் தோன்றுகிறது. அக்காலத்தில் பெயர்கள் அப்படித்தான் இருந்தன.

அந்த நீளத்தை வெட்டிப் பேரினம், சிற்றினம் என்று இரு சொற்களில் அடக்கியவர் லின்னேயஸ். 1753-இல் அவர் வெளியிட்ட பெருநூலில் சேம்புக்கு ஒரு பெயரன்று, இரண்டு பெயர்கள் இருந்தன: ஆரம் கொலோகேசியா, ஆரம் எஸ்குலென்டம். எஸ்குலென்டம் என்றால் உண்ணத்தக்கது. உலர்ந்த இலைகளையும் பிறர் எழுதிய விவரங்களையும் பழைய நூற்படங்களையும் கொண்டு ஸ்வீடனில் அமர்ந்து எழுதியவருக்கு, எகிப்துச் செடியும் வேறு வெப்பநாட்டுச் செடியும் ஒன்றே என்று தெரிய வழியில்லை. பெரும் சேம்பையும் பால்சேம்பையும்கூட அவர் அதே ஆரம் பேரினத்திற்குள்தான் அடைத்திருந்தார்.

அந்தக் கூட்டத்தைப் பிரித்தவர் வியன்னாவில் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்தில் பணியாற்றிய ஹைன்ரிக் வில்ஹெல்ம் ஷாட். வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரு குடும்பத்துக்கே கொடுத்தவர் அவர். 1832-இல் அவர் கொலோகேசியா என்னும் பேரினத்தை வகுத்து, லின்னேயஸின் இரண்டு சேம்புகளையும் அதற்குள் கொண்டுவந்தார். ஆரம் எஸ்குலென்டம், கொலோகேசியா எஸ்குலென்டா ஆயிற்று. பேரினச் சொல் பெண்பால் ஆனதால் ஈறு மாறியது. மற்றதைக் கொண்டுவந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஆரம் கொலோகேசியாவை இடம் மாற்றினால் 'கொலோகேசியா கொலோகேசியா' என்று வரும். விலங்கியலில் கொரில்லாவுக்கு 'கொரில்லா கொரில்லா' என்று பெயர் வைக்கலாம். தாவரவியலில் பேரினச் சொல்லே சிற்றினச் சொல்லாகவும் வருவதை விதி அனுமதிப்பதில்லை. எனவே ஷாட் அதற்குப் புதுப் பெயராகக் கொலோகேசியா ஆன்டிகோரம் என்று எழுதினார். ஆன்டிகோரம் என்றால் 'பழங்காலத்தாருடைய' என்று பொருள்.

அழகான பெயர்தான். 1893-இல் ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவரநூலும் இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது; அதைப் பின்பற்றிய பழைய இந்திய நூல்கள் பலவற்றிலும் சேம்பு என்ற இடத்தில் நீங்கள் ஆன்டிகோரம் என்றே காண்பீர்கள். 1920-இல் ஜெர்மானியத் தாவரவியலார் எங்ளரும் கிராவுசேயும் இரண்டையும் ஒரே சிற்றினமாக்கியபோதும் ஆன்டிகோரம் என்பதையே தலைமைப் பெயராக வைத்து, எஸ்குலென்டாவை அதன் வகையாக்கினார்கள்.

இதைத் திருத்தியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாவர அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஹில். 1939-இல் அவர் எழுதிய சில பக்கக் கட்டுரையின் வாதம் வழக்கறிஞர் வாதம்போல நேரானது. இரண்டும் ஒரே சிற்றினம் என்று ஒப்புக்கொண்டால், அந்தச் சிற்றினத்துக்கு இடப்பட்ட சொற்களில் மூத்தது எதுவோ அதுவே நிற்கும். கொலோகேசியா என்னும் சிற்றினச் சொல் 1753-க்கு உரியது; ஆனால் இரட்டிக்கும் என்பதால் இந்தப் பேரினத்தில் அதற்கு இடமில்லை. ஆன்டிகோரம் 1832-இல் பிறந்தது. எஸ்குலென்டா 1753. ஆகவே கொலோகேசியா எஸ்குலென்டாவே சரியான பெயர். முழுப் பெயரை எழுதும்போது லின்னேயஸின் பெயரை அடைப்புக்குறிக்குள்ளும் ஷாட்டின் பெயரை அதற்கு வெளியிலும் எழுதுகிறோம். சொல்லைத் தந்தவர் முன்னவர், இடத்தைத் தந்தவர் பின்னவர் என்று அதற்குப் பொருள்.

ஆன்டிகோரம் என்னும் சொல் மட்டும் முற்றிலும் போய்விடவில்லை. ஒரு படி இறங்கி, வகையின் பெயராக நிற்கிறது. நடுவில் ஒரு பெருங்கிழங்கும் சுற்றிலும் சில பக்கக்கிழங்குகளும் உடையது எஸ்குலென்டா வகை என்றும், நடுக்கிழங்கு சிறுத்துப் பக்கக்கிழங்குகள் நிறையக் காய்ப்பது ஆன்டிகோரம் வகை என்றும் பயிர்நூல்கள் பிரிக்கின்றன. பூவில் பார்த்தால், கதிரின் உச்சியில் உள்ள மலட்டு நுனி முன்னதில் குட்டை, பின்னதில் நீளம். அந்தக் கணக்கில் நம் மோர்க்குழம்புக் கிழங்கு ஆன்டிகோரம், இந்தத் தேங்காய்க் கிழங்கு எஸ்குலென்டா. சில நூல்களில் இவை தனிச் சிற்றினங்களாகவே எழுதப்படுகின்றன; என் கண்ணுக்கு அது ஏற்புடையதாகத் தெரியவில்லை, ஏனெனில் இரண்டுக்கும் இடைப்பட்ட செடிகள் வயல்களில் ஏராளம்.

குரோமோசோம் எண்ணிக்கை இந்தச் சிக்கலை அவிழ்க்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். சேம்பில் இரண்டு தொகுதிகளாக 28 குரோமோசோம் உள்ள இருமடியச் செடிகளும் மூன்று தொகுதிகளாக 42 உள்ள மும்மடியச் செடிகளும் இருக்கின்றன. இந்தியாவில் இரண்டும் உண்டு. ஆனால் இந்தப் பிரிவு மேலே சொன்ன வகைப் பிரிவோடு ஒழுங்காகப் பொருந்துவதில்லை. அது வெளிக்காட்டியது வேறொரு செய்தி: மும்மடியம் விதை வைப்பது மிக அரிது. இருமடியமும் பல இடங்களில் பூப்பதே அரிது. உழவர் கிழங்கின் நுனியையோ பக்கக்கிழங்கையோ வெட்டி நடுகிறார். பல தலைமுறைகளாக நிற்பது அதே ஒரு செடி.

அப்படியானால் சிற்றினப் பெயர் இந்தப் பயிரைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. எது அரிக்கும், எது குழையும், எது நீர் நிற்கும் வயலில் தாங்கும் என்பதெல்லாம் ரகத்தின் செய்திகள். பயிர் ரகங்களுக்கென்று தனி விதிநூல் 1953-இல்தான் வந்தது. உழவர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஹவாயியில் சேம்புக்குக் கலோ என்று பெயர். அங்கே 1939-இல், அதாவது ஹில் கட்டுரை எழுதிய அதே ஆண்டில், பல்கலைக்கழகத்தார் தொகுத்த வெளியீட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட ரகங்கள் உள்ளூர்ப் பெயர்களோடு பதிவாயின. காம்பு இலையைத் தொடும் இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பிக்கோ. கொப்பூழ் என்று பொருள். அதன் நிறத்தையும், இலையின் பிளவு அதுவரை எட்டுகிறதா என்பதையும் பார்த்து ரகம் சொல்வார்கள். பிளவு கொப்பூழ்வரை எட்டும் ரகங்களும் உண்டு என்பதால், சற்றுமுன் நான் பெருமையாகச் சொன்ன காம்புச் சோதனை அங்கே தடுமாறிப்போகும். பக்கக்கிழங்குக்கு அவர்கள் மொழியில் ஓஹா. குடும்பத்தைக் குறிக்கும் ஓஹானா என்னும் சொல்லே அதிலிருந்து வந்தது.

ரகப் பெயர்கள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமோவா சான்று. ஏற்றுமதிக்கு உகந்தது என்று நியுவே என்னும் ஒரே ரகம் அந்தத் தீவுகளின் வயல்களை நிறைத்திருந்தது. 1993-இல் இலைக்கருகல் வந்தது. 1900-இல் ஜாவாவிலிருந்து ரசிபோர்ஸ்கி விவரித்துப் பெயரிட்ட பைட்டாப்தோரா கொலோகேசியே என்னும் நுண்ணுயிரே அதற்குக் காரணம். வயல்தோறும் நின்றது ஒரே செடி என்பதால் வயல்தோறும் ஒரே கதி. ஏற்றுமதி ஏறக்குறைய நின்றே போயிற்று. பிறகு பலாவ், மைக்ரோனேசியா, ஆசியா ஆகிய இடங்களிலிருந்து வந்த ரகங்களோடு கலப்புச் செய்து, நோய் தாங்கும் புதிய ரகங்களை உருவாக்கினார்கள். நம் பக்கத்தில் 1963-இல் தொடங்கிய திருவனந்தபுரம் நடுவண் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ ரஷ்மி, ஸ்ரீ பல்லவி, கலப்பினமான ஸ்ரீ கிரண் முதலிய ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

தமிழில் இந்தச் செடிக்கு வழங்கும் பெயரின் வயதை மட்டும் சொல்லிவிடுகிறேன். குறுந்தொகையின் 76-ஆம் பாட்டில், மலைச்சேம்பின் அகன்ற இலை வாடைக்காற்றில் ஆடுவது பெரிய களிற்றின் செவிபோல இருக்கிறது என்று தலைவி சொல்கிறாள். ஆங்கிலத் தோட்டக்காரர்கள் இன்று இந்தச் செடியை 'யானைக்காது' என்றே விற்கிறார்கள்; ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதில்லை, இலை அப்படி. பெரும்பாணாற்றுப்படையில் தோட்டத்து உழவர் வீட்டில் பாணர்களுக்குப் பிற உணவுகள் தெவிட்டினால் கொடுப்பது முளைவிட்ட சேம்பின் முதிர்ந்த கிழங்கு. இரண்டு இடத்திலும் ஒரே சொல்: சேம்பு.

இந்தப் பெரிய கிழங்கை நான் சமைக்கப் போவதில்லை. இன்று மாலையில் தொட்டியில் நடுவேன். சீட்டில் கொலோகேசியா எஸ்குலென்டா என்று எழுதுவேன்; வாங்கிய நாளையும் சந்தையின் பெயரையும் எழுதுவேன். வகை என்னும் இடத்தைப் பூக்கும்வரை காலியாக விட வேண்டும். இது பூக்காமலே பல ஆண்டுகள் இருந்துவிடவும் கூடும். ரகம் என்னும் இடத்தை நிரப்ப, அடுத்த சந்தைநாளில் அந்த அம்மாவிடம்தான் மறுபடியும் போய்க் கேட்க வேண்டும்.