ஃபோர்ட்ரான் கம்பைலரிடம் வேண்டுமென்றே தப்பு செய்து பார்ப்போம்

[திரை: டெர்மினல். பின்னணியில் மழைச் சத்தம் மட்டும்.]

வணக்கம். பெங்களூரு அல்சூரிலிருந்து பேசுகிறேன். வெளியே மழை பிடித்துக்கொண்டுவிட்டது, அதனால் இன்றைக்கு உதாரணமும் மழைதான்.

ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில், மூன்று நாள் மழை அளவைக் கொடுத்தால் கூட்டிச் சொல்கிற ஒரு ஃபங்ஷன் எழுதுகிறோம். உள்ளே ‘மொத்தம்’ என்று ஒரு மாறி. அதை அறிவிக்கிற வரியிலேயே பூஜ்யத்தையும் கொடுத்துவிடுகிறோம். இன்டிஜர், இரட்டைக் கோலன், மொத்தம் சமம் 0. சி மொழியில் பழகிய கை இப்படித்தான் எழுதும்.

[திரை: அல்சூர் 12, 8, 5. விடை 25.]

சரியாக வந்தது. அடுத்து ஜெயநகர். 4, 0, 6. பத்து வர வேண்டும்.

[திரை: விடை 35. இரண்டு விநாடி அப்படியே விடவும்.]

அல்சூரில் பெய்த மழை ஜெயநகர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுகிற கம்பைலர் எரர் எதுவும் காட்டவில்லை. என் முதல் வேலையில் இதே மாதிரி ஒரு கூட்டுத்தொகையை இரண்டு நாள் தேடியிருக்கிறேன். லூப்பைச் சந்தேகப்பட்டேன், டேட்டாவைச் சந்தேகப்பட்டேன். அறிவிப்பு வரியின் மேல் மட்டும் கண் போகவே இல்லை.

காரணம் இதுதான். ஃபோர்ட்ரான் 90 விதிப்படி, அறிவிப்பு வரியில் தொடக்க மதிப்பு கொடுத்தால் அந்த மாறிக்கு ‘சேவ்’ என்ற பண்பு தானாகவே ஒட்டிக்கொள்ளும், அதாவது அழைப்பு முடிந்த பிறகும் மதிப்பு அப்படியே இருக்கும். பூஜ்யம் ஒரே ஒரு முறைதான் வைக்கப்படும். ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாக வைக்கப்படாது. சி மொழியில் ‘ஸ்டாட்டிக்’ போட்ட மாறி எப்படியோ, அப்படி. ஆக, கம்பைலர் இங்கே எரர் காட்டக் கூடாது. மொழியின் விதிப்படி இது சரியான நிரல்.

எதற்கெல்லாம் எரர் காட்டியே ஆக வேண்டும்? ஃபங்ஷனுக்கு வெளியிலிருந்து வருகிற ஆர்க்யுமெண்டுக்குத் தொடக்க மதிப்பு கொடுத்தால் காட்ட வேண்டும். ஃபங்ஷனின் விடை மாறிக்குக் கொடுத்தாலும், ஓடும்போது இடம் ஒதுக்கப்படுகிற அலக்கேட்டபிள் வரிசைக்குக் கொடுத்தாலும் அப்படியே. இன்னொரு சாதாரண மாறியின் மதிப்பை எடுத்துத் தொடக்க மதிப்பாக வைக்கவும் முடியாது, கம்பைல் செய்யும்போதே மதிப்பு தெரிகிற மாறிலிக் கோவைதான் வேண்டும். ‘பாராமீட்டர்’, அதாவது மதிப்பு மாறாத மாறிலி, என்று அறிவித்துவிட்டு மதிப்பே கொடுக்காமல் விட்டாலும் தப்புதான்.

கம்பைலரின் இந்தச் சோதனைகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தப்பான நிரலை வேண்டுமென்றே எழுதித்தான். ஜிஃபோர்ட்ரான் என்ற ஃபோர்ட்ரான் கம்பைலரை உருவாக்கும் குழுவின் சோதனைக் கோப்புகள் அப்படித்தான் இருக்கின்றன. தப்பு இருக்கிற வரியின் கடைசியில் ஆச்சரியக்குறி போட்டு ஒரு கமெண்ட். அதற்குள் நெளிவு அடைப்புக்குறியில் ‘டிஜி-எரர்’ என்று எழுதி, வர வேண்டிய செய்தியையும் எழுதுவார்கள்.

[திரை: அந்த ஒரு வரியைப் பெரிதாக்கிக் காட்டவும்.]

அந்த வரியில் அந்தச் செய்தி வராவிட்டால் சோதனை தோல்வி. எதிர்பாராத வேறொரு எரர் கூடுதலாக வந்தாலும் தோல்விதான். இந்த இரண்டாவது பாதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் கத்துகிற கம்பைலரும் தப்பான கம்பைலர்தானே? அதனால் நான் எழுதும்போது பக்கத்திலேயே சரியான நிரல் ஒன்றையும் வைப்பேன். 3 என்று ஒரு பாராமீட்டர், அதை 8-ஆல் பெருக்கி ஒரு மாறிக்குத் தொடக்க மதிப்பு. இது சத்தமில்லாமல் கடந்துபோக வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம். மதிப்பே கொடுக்காத மாறியைப் படிப்பதற்கு வருகிற எச்சரிக்கையை இந்த எரர்களோடு ஒரே கோப்பில் போடாதீர்கள். அந்த எச்சரிக்கை கம்பைலரின் பிந்தைய கட்டத்தில் வருகிறது. முன்கட்டத்திலேயே எரர் வந்துவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும், எச்சரிக்கை வரவே வராது. ‘இந்தக் கம்பைலர் இதைக் கண்டுபிடிக்கவில்லை’ என்று தப்பாக முடிவுகட்டிவிடுவோம். தனிக் கோப்பாக வையுங்கள். சில எச்சரிக்கைகளுக்கு, நிரலை வேகமாக்குகிற ஆப்டிமைசேஷனையும் போட வேண்டியிருக்கும்.

இப்போது நம் மழை நிரலுக்குத் திரும்புவோம். ஃபங்ஷன் வரியின் முன்னால் ‘ப்யூர்’ என்று ஒரே ஒரு சொல் சேர்க்கிறேன். பக்க விளைவு இல்லாத ஃபங்ஷன் என்று பொருள். ஆர்க்யுமெண்டுக்கு ‘இன்டென்ட் இன்’, அதாவது படிக்க மட்டும், என்று ஏற்கெனவே போட்டிருக்கிறேன், வேறெதையும் தொடவில்லை.

[திரை: கம்பைல் செய்யவும். எரர் சுட்டுவது ‘மொத்தம் சமம் 0’ வரியை.]

பார்த்தீர்களா? ப்யூர் ஃபங்ஷனுக்குள் சேவ் பண்புள்ள மாறி இருக்கக் கூடாது என்பது விதி. இரண்டு நாள் நான் பார்க்காமல் விட்ட அதே வரியைக் கம்பைலரே கைகாட்டுகிறது. பூஜ்யத்தை அங்கிருந்து எடுத்து, அறிவிப்புகள் முடிந்த பிறகு தனி வரியாக எழுதுகிறேன். மொத்தம் சமம் 0.

[திரை: அல்சூர் 25. ஜெயநகர் 10.]