சாசனத்தை விழுங்கிய மரம்

[காட்சி: மேசையில் சுழன்று அடங்கும் ஒரு நாணயம்]

வணக்கம். இது 1999ல் அமெரிக்காவில் வெளியான கால் டாலர் நாணயம். ஒரு பக்கம் ஜார்ஜ் வாஷிங்டன். திருப்பினால் ஒரு மரம். இலை ஒன்றுகூட இல்லாமல் கிளைகளை நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கனெக்டிகட் மாநிலத்துக்காக அடித்த நாணயம் இது. பெரிய மனிதர்கள் அந்த மாநிலத்திலும் இருந்திருக்கிறார்கள். இருந்தும் மரத்தைத்தான் போட்டார்கள். அதுவும் 143 வருடங்களுக்கு முன்பே விழுந்துபோன மரத்தை.

இதன் பெயர் சார்ட்டர் ஓக். சார்ட்டர் என்றால் அரசர் கொடுத்த சாசனம். 1687ல் ஓர் இரவு அந்தச் சாசனத்தை இந்த மரத்தின் பொந்தில் ஒளித்து வைத்தார்கள் என்பது கதை. கதை என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். அதற்கு அப்புறம் வருவோம்.

முதலில் மரம். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களில் சில்வர் ஓக் பார்த்திருப்பீர்கள். அதுக்குப் பெயரில் மட்டும்தான் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, வேறு குடும்பத்து மரம் அது. நாம் பேசுவது வெள்ளை ஓக். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நூற்றாண்டுக் கணக்கில் வாழக்கூடிய மரம்.

[காட்சி: கனெக்டிகட் ஆறு, கரையில் ஹார்ட்ஃபோர்ட் நகரம்]

ஹார்ட்ஃபோர்ட் நகரத்தை ஆங்கிலேயக் குடியேறிகள் நிறுவியது 1636ல். அந்த இடத்துக்கு அதற்கு முன்பே சுக்கியாக் என்று ஒரு பெயர் இருந்தது, அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களுக்கும் அதே பெயர்தான். ஜார்ஜ் விலிஸ் என்ற செல்வந்தரின் ஆட்கள் அவருக்காக ஒரு மேட்டில் நிலத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பழங்குடி மக்கள் சிலர் வந்து, இந்த ஒரு மரத்தை மட்டும் வெட்டாதீர்கள் என்று கேட்டார்களாம். அவர்கள் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வசந்தத்தில் இந்த ஓக் துளிர்த்து, இலை எலியின் காது அளவுக்கு வந்தால், மக்காச்சோளம் விதைக்க நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் முன்னோர் இதைப் பார்த்துத்தான் விதைத்தார்கள் என்றார்களாம்.

நம் ஆட்கள் ஆடிப்பட்டம் தேடி விதைத்தார்கள். நமக்கு மழை கணக்கு, அவர்களுக்கு மண்ணின் சூடு கணக்கு. பனி விலகி நாட்கள் போதுமான அளவு சூடேறினால்தான் ஓக் துளிர்க்கும். அந்த வேளைக்கு மண்ணும் மக்காச்சோள விதைக்கு வேண்டிய சூட்டுக்கு வந்திருக்கும். அதனால் இது வெறும் நம்பிக்கை இல்லை, நன்றாக வேலை செய்யும் நாள்காட்டி. மரத்துக்கு வரலாறு தொடங்கியது சாசனத்தால் அல்ல. சாசனம் வருவதற்கு முன்பே அதற்கு ஓர் உத்தியோகம் இருந்தது. நாணயத்தில் அந்தப் பகுதி இல்லை.

[காட்சி: முத்திரை தொங்கும் தோல் ஏடு]

இப்போது சாசனம். 1662 ஏப்ரலில் கனெக்டிகட் ஆளுநர் ஜான் வின்த்ரோப் லண்டனில் இருந்தார். இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் தன் காலனிக்கு ஒரு சாசனம் வாங்கிவிட்டார். சாதாரண சாசனம் இல்லை. மற்ற பல காலனிகளுக்கு ஆளுநரை இங்கிலாந்திலிருந்து அனுப்புவார்கள். கனெக்டிகட்டில் ஆளுநரை மக்களே, அதாவது அன்றைக்கு வாக்குரிமை பெற்றிருந்த ஆண்களே, தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எல்லை எதுவரை? மேற்கே தென்கடல் வரை. தென்கடல் என்றால் பசிபிக் சமுத்திரம். வரைபடமே சரியாகப் போடாத கண்டத்தை லண்டனில் உட்கார்ந்தபடி கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த மன்னருக்கும் ஓக் மரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1651ல் வூஸ்டர் போரில், மன்னராட்சியை எதிர்த்த படையின் தலைவர் குரோம்வெல்லிடம் தோற்று ஓடியபோது, பாஸ்கோபெல் என்ற இடத்தில் ஒரு நாள் முழுக்க ஓக் மரத்தின் மேலே ஒளிந்திருந்துதான் இரண்டாம் சார்லஸ் உயிர் தப்பினார். கீழே வீரர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். மரத்தில் ஒளிந்தவர் கொடுத்த சாசனம் கடைசியில் மரத்துக்குள்ளேயே ஒளிந்ததாகச் சொல்கிறார்கள். கொஞ்சம் அளவுக்கு மீறிப் பொருந்துகிறது, இல்லையா?

பக்கத்தில் நியூ ஹேவன் என்று தனிக் காலனி ஒன்று இருந்தது. சார்லஸின் தந்தைக்கு மரண தண்டனை விதித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர், வாலியும் காஃபும், 1661ல் அங்கேதான் தலைமறைவாக இருந்தார்கள். புதிய சாசனம் நியூ ஹேவனின் நிலத்தையும் கனெக்டிகட்டோடு சேர்த்து எழுதிவிட்டது. கொஞ்ச காலம் முரண்டுபிடித்துப் பார்த்துவிட்டு அந்தக் காலனி அடங்கியது.

சரி, 1687க்கு வருவோம்.

[காட்சி: மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீண்ட மேசை]

சார்லஸுக்குப் பிறகு அவர் தம்பி இரண்டாம் ஜேம்ஸ் மன்னராகிறார். ஆளுக்கொரு சாசனம் வைத்துக்கொண்டு தனித்தனியாக நடக்கும் காலனிகளை அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, மேலே சர் எட்மண்ட் ஆண்ட்ரோஸ் என்பவரை ஆளுநராக அனுப்புகிறார். பக்கத்து மாசசூசெட்ஸின் சாசனத்தை 1684லேயே நீதிமன்றம் மூலம் ரத்து செய்தாகிவிட்டது. கனெக்டிகட்காரர்கள் மட்டும் கடிதம் மேல் கடிதம் எழுதி, பணிவாகப் பேசி, எதையும் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். கடைசியில் ஆண்ட்ரோஸே படைவீரர்களோடு ஹார்ட்ஃபோர்டுக்கு வந்துவிட்டார். தேதி 1687 அக்டோபர் 31.

மிச்சத்தை ஊரார் சொல்வது போலச் சொல்கிறேன். கூட்டம் மாலையில் தொடங்குகிறது. ஆளுநர் ராபர்ட் ட்ரீட் எழுந்து, இந்தச் சாசனத்துக்காக எங்கள் மக்கள் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்று பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். இருட்டிவிடுகிறது. மெழுகுவத்திகள் ஏற்றுகிறார்கள். சாசனம் மேசை மேல் இருக்கிறது. திடீரென்று அத்தனை விளக்கும் அணைகின்றன. மறுபடி ஏற்றிப் பார்த்தால் மேசை காலி. கேப்டன் ஜோசப் வாட்ஸ்வொர்த் அதை எடுத்துக்கொண்டு போய் விலிஸ் வீட்டு ஓக் மரப்பொந்தில் வைத்துவிட்டார்.

சினிமாவுக்கு எழுதியது போல இருக்கிறது. ஆனால் பொந்து பற்றி யாரும் சந்தேகப்படத் தேவையில்லை. தச்சர்கள் வைரம் பாய்ந்த கட்டை என்பார்களே, மரத்தின் நடுவிலுள்ள அந்த வைரம்தான் நமக்கு விலை உயர்ந்தது, மரத்துக்கோ அது செத்த பகுதி. தண்ணீர் ஏறுவது வெளிப்பக்கத்து இளங்கட்டை வழியாக, புது வளர்ச்சி நடப்பது பட்டைக்கு அடியில். பூஞ்சை புகுந்து உள் வைரத்தைத் தின்று தீர்த்தாலும், வெளிச்சுற்று நன்றாக இருந்தால் மரம் நூறு வருடம்கூட நிற்கும். நம் சாலையோரப் பழைய புளியமரங்களும் இப்படித்தான், உள்ளே ஆள் நுழையும் பொந்தோடு காய்த்துக்கொண்டிருக்கும். ஒரே ஒரு நஷ்டம், வைரத்தோடு சேர்ந்து வருட வளையங்களும் போய்விடும். சார்ட்டர் ஓக்குக்கு ஆயிரம் வயது என்றெல்லாம் சொல்பவர்கள் எதையும் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை.

சரி, சாசனத்தை ஒளித்துவிட்டார்கள், அதனால் ஆண்ட்ரோஸ் திரும்பிப் போய்விட்டாரா? இல்லை. மறுநாள் முதல் அவர்தான் ஆட்சி. காலனியின் செயலர் ஜான் ஆலின், ஆண்ட்ரோஸ் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டதைப் பதிவேட்டில் எழுதி, அடியில் ஒரே ஒரு சொல் சேர்த்தார்: ஃபினிஸ். லத்தீனில் முற்றும்.

[காட்சி: சாந்தோம் பக்கத்துக் கடல், பிறகு புனித ஜார்ஜ் கோட்டை]

இங்கே ஒரு நிமிடம் சென்னைக்கு வந்துவிட்டுப் போகலாம், காரணம் இருக்கிறது. அதே ஜேம்ஸ் மன்னர் காலத்தில், அதே 1687ல், டிசம்பர் 30ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனி இன்னொரு சாசனத்தை வெளியிட்டது. மெட்ராஸ் மாநகராட்சிக்கான சாசனம் அது. 1688 செப்டம்பர் 29ல் நடைமுறைக்கு வந்தது. அங்கே பிடுங்கியவர்கள் இங்கே கொடுத்தார்கள். தாராள மனசு என்று நினைக்க வேண்டாம். ஊர்க்காரர்களை ஆல்டர்மேன்களாக, அதாவது மாநகராட்சி உறுப்பினர்களாக, உட்கார வைத்தால் வரி வாங்குவது சுலபம் என்ற கணக்கு. மெட்ராஸின் முதல் மேயர் நதானியேல் ஹிகின்சன். அவர் பிறந்த ஊர் கில்ஃபோர்ட். 1662 சாசனம் விழுங்கியதாகச் சொன்னேனே, அந்த நியூ ஹேவன் காலனியில் இருந்த ஊர்தான் அது. அப்போது கோட்டையின் ஆளுநர் எலைஹு யேல். அவர் பெயரில் இன்று ஒரு பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது? கனெக்டிகட்டில், நியூ ஹேவன் நகரத்தில்.

அந்தக் கல்லூரியைத் தொடங்க 1701ல் அனுமதி கொடுத்தது கனெக்டிகட் சட்டமன்றம். 1718ல் யேல் அனுப்பிய நன்கொடை 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம் ஒன்று, அப்புறம் ஒன்பது மூட்டைச் சரக்கு. சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. மெட்ராஸில் அவர் சேர்த்த செல்வத்தின் ஒரு துளி.

ஆனால் ஃபினிஸ் எழுதிவிட்டார்களே, சட்டமன்றம் எப்படித் திரும்பி வந்தது? 1688 கடைசியில் ஜேம்ஸ் மன்னர் நாட்டை விட்டு ஓடினார். செய்தி கடல் கடந்து வந்ததும், 1689 ஏப்ரலில் பாஸ்டன் மக்கள் ஆண்ட்ரோஸைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். மே மாதம் ஹார்ட்ஃபோர்டில் பழைய ஆட்கள் பழைய சாசனப்படி மறுபடி ஆட்சிக்கு வந்துவிட்டார்கள். இது செல்லுமா என்று லண்டனில் வழக்கறிஞர்களைக் கேட்டபோது, செல்லும் என்றார்கள். எந்த நீதிமன்றமும் இந்தச் சாசனத்தை ரத்து செய்யவில்லை, முறைப்படி யாரும் ஒப்படைக்கவும் இல்லை.

என் கணக்கில் இந்தக் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பொந்து இருந்ததோ இல்லையோ, ஒப்படைக்கவில்லை என்பது உண்மை. அதைக் காப்பாற்றியது ஒரு நாள் இரவு வீரத்தைவிட, பல மாதம் நீண்ட இழுத்தடிப்பு. நாணயத்தில் இழுத்தடிப்பை எப்படி வரைவது? மரம் வசதி. அந்தச் சாசனம் 1818 வரை கனெக்டிகட்டின் அடிப்படைச் சட்டமாக இருந்தது. மேற்கே கடல் வரை என்ற வரியை வைத்துக்கொண்டு பென்சில்வேனியாவோடு நிலத் தகராறில் ரத்தம்கூடச் சிந்தினார்கள். ஓஹியோவில் தங்களுக்கு மிஞ்சிய ஒரு பெரிய துண்டை 1795ல் 12 லட்சம் டாலருக்கு விற்று, அந்தப் பணத்தைப் பள்ளிகளுக்கான நிதியாக்கினார்கள். இன்றைய கிளீவ்லாந்து நகரம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

இப்போது, கதை என்று சொன்ன விஷயம். 1715ல் சட்டமன்றம் வாட்ஸ்வொர்த்துக்கு 20 ஷில்லிங் கொடுத்தது. நெருக்கடியான காலத்தில் சாசனத்தின் இரண்டாவது பிரதியைப் பத்திரமாக வைத்திருந்ததற்காக என்று பதிவு இருக்கிறது. மெழுகுவத்தி இல்லை, ஓக் இல்லை. மரம் பின்னால் சொல்லப்பட்ட கதைகளில்தான் வருகிறது. வாட்ஸ்வொர்த் ஏதோ செய்தார், அது உறுதி.

[காட்சி: விழுந்த மரம், சுற்றிலும் கூட்டம்]

1856 ஆகஸ்ட் 21. நள்ளிரவு தாண்டிய புயலில் மரம் விழுந்தது. அன்று ஊரே துக்கம் காத்தது. சாவு மணி அடித்தார்கள். துப்பாக்கி முதலாளி சாமுவேல் கோல்ட்டின் தொழிற்சாலை பேண்டு வந்து சோக இசை வாசித்தது. அடுத்த நாளிலிருந்து கட்டைக்கு அடிதடி. கோல்ட் தன் குழந்தைக்கு அந்த மரத்தில் தொட்டில் செய்தார். மாநில செனட்டில் தலைமை வகிப்பவர் உட்கார இன்றும் அந்த மரத்தில் செதுக்கிய நாற்காலி இருக்கிறது. நாற்காலி, பெட்டி, கைத்தடி என்று எதற்கெடுத்தாலும் சார்ட்டர் ஓக். 1868ல் ஊரைச் சுற்றிப் பார்த்த மார்க் ட்வெய்ன், காட்டிய கட்டைகளை எல்லாம் சேர்த்தால் இங்கிருந்து சால்ட் லேக் சிட்டி வரை பலகைச் சாலை போடலாம் என்று கிண்டலடித்தார்.

மரம் நின்ற இடத்தில் இப்போது கல் தூண் ஒன்று இருக்கிறது. அதன் வித்தில் வந்தவை என்று சொல்லப்படும் ஓக் மரங்கள் ஊரில் அங்கங்கே நிற்கின்றன. சாசனத்தின் முதல் பிரதி மாநில நூலகத்து அருங்காட்சியகத்தில் முழுசாக இருக்கிறது, சார்ட்டர் ஓக் கட்டையில் செய்த சட்டத்துக்குள்.

வாட்ஸ்வொர்த் காப்பாற்றியதாகப் பதிவு சொல்வது இரண்டாவது பிரதியை. அதில் ஒரு துண்டுதான் இப்போது மிச்சம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழைய தாள்களோடு தாளாக அது ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. நல்ல கெட்டியான தோல் பார்த்து, பெண்கள் அணியும் தொப்பிக்கு உள்ளே வைக்கலாம் என்று அந்த வீட்டில் கத்தரிக்கோல் வைத்துவிட்டார்கள். அங்கே வந்த ஒரு மாணவர் எழுத்தைக் கவனித்துக் கேட்டு வாங்கியதால் அந்தத் துண்டாவது தப்பியது.