வாசிக்காமல் விட்ட இடங்கள்: ‘ஃப்ரீ’ இசைக்குழுவும் அதன் தொகுப்பு ஆல்பங்களும்

[ஒலி: ‘ஆல் ரைட் நவ்’ பாட்டின் தொடக்கக் கிட்டார், பத்து விநாடி]

வணக்கம். இந்தக் கிட்டார் உங்களில் பலருக்குப் பழக்கமானதாக இருக்கும். ஏதோ விளம்பரத்திலோ, படத்திலோ, பழைய ராக் பாடல்களின் வரிசையிலோ காதில் விழுந்திருக்கும். பாட்டின் பெயர் ‘ஆல் ரைட் நவ்’. வந்த ஆண்டு 1970. வாசித்தவர்கள் ‘ஃப்ரீ’ என்ற லண்டன் புளூஸ் ராக் குழுவினர், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை ராக்கோடு சேர்த்தவர்கள்.

ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொண்டு பாட்டை இன்னொரு முறை போடுங்கள். சரணம் ஓடும்போது பேஸ் கிட்டார், அதாவது அடியில் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டார், எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. பாடகர் பாடுகிறார், டிரம்ஸ் நடக்கிறது, கிட்டார் விட்டு விட்டு விழுகிறது, அவ்வளவுதான். அடியில் எதுவும் இல்லை. பல்லவி வரும்போதுதான் பேஸ் உள்ளே வருகிறது. வந்த உடனே பாட்டு இரண்டு மடங்கு பெரிதாகிவிடுகிறது. வால்யூமைக் கூட்டாமலே!

ஃப்ரீயின் வலிமை இதுதான். எதை வாசிக்க வேண்டும் என்பதைவிட எதை வாசிக்காமல் விட வேண்டும் என்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். இந்தக் குழுவின் பாடல்கள் பிற்காலத்தில் பல தொகுப்புகளாக வந்திருக்கின்றன. அவற்றில் சில இந்தக் குணத்தைக் காப்பாற்றுகின்றன, சில மூடி மறைக்கின்றன. எதைக் கேட்கலாம், ஏன் என்பதுதான் இன்றைய வீடியோ.

[திரையில்: 1968, லண்டன்]

முதலில் ஆட்களைப் பார்ப்போம். 1968 ஏப்ரலில், லண்டனின் பேட்டர்ஸீ பகுதியில் ‘நாக்ஸ் ஹெட்’ என்ற பப்பில் நாலு பேர் முதன்முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். பாடகர் பால் ராட்ஜர்ஸ், வடக்கே மிடில்ஸ்ப்ரோவிலிருந்து வந்தவர், வயது 18. டிரம்ஸ் சைமன் கர்க், அவருக்கும் 18. கிட்டார் பால் காஸஃப், 17. பேஸ் ஆன்டி ஃப்ரேசர், 15. ஆமாம், பதினைந்துதான். அதற்கு முன்பே அவர் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் கொஞ்ச காலம் வாசித்திருந்தார். கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் பெயர் வாங்கிய அதே குழு.

ஃப்ரேசரைச் சேர்த்துவிட்டவர் அலெக்ஸிஸ் கோர்னர். பிரிட்டனில் புளூஸ் வேர் பிடிக்கக் காரணமானவர்களில் முக்கியமானவர். தனக்குப் பின்னால் வந்த இளைஞர்களை ஒருவரோடு ஒருவர் கோர்த்துவிடுவதைக் கடமையாகவே செய்தவர். ‘ஃப்ரீ’ என்ற பெயரும் அவர் வைத்ததுதான். ஐலன்ட் ரெக்கார்ட்ஸ் முதலாளி கிறிஸ் பிளாக்வெல் ‘ஹெவி மெட்டல் கிட்ஸ்’ என்று பெயர் வைக்கச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை ஒரு ரெக்கார்டுகூட வெளிவராத பையன்கள், கம்பெனி முதலாளியிடமே அப்படிச் சொன்னார்கள்.

அந்த நேரத்து பிரிட்டிஷ் புளூஸ் எப்படி இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிரீம் போன்ற குழுக்கள் ஒரு பாட்டைப் பதினைந்து நிமிடத்துக்கு இழுத்த காலம் அது. கிரீமில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் தனி ஆவர்த்தனம் செய்வது மாதிரி வாசிப்பார்கள். அது அபாரமான இசை, மறுக்கவில்லை. ஃப்ரீ அதற்கு நேரெதிர்த் திசையில் போனது. 1969 மார்ச்சில் வந்த முதல் ஆல்பம் ‘டன்ஸ் ஆஃப் சாப்ஸ்’ இன்னும் சத்தமான, கரடுமுரடான புளூஸ்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த இரண்டாவது ஆல்பத்தில் காற்று உள்ளே வருகிறது. ‘மோர்னிங் சேட் மார்னிங்’ பாட்டில் டிராஃபிக் குழுவின் கிறிஸ் வுட் வாசிக்கும் புல்லாங்குழலுக்குக்கூட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

[திரையில்: காஸஃபின் இடது கை, நெருக்கமாக]

இங்கே கொஞ்சம் நின்று காஸஃபின் கையைப் பார்ப்போம்.

இவர் சிறு வயதில் கிளாசிக்கல் கிட்டார் கற்றவர். அப்பா டேவிட் காஸஃப் பெயர் பெற்ற நடிகர். மகன் சேரிங் கிராஸ் சாலையில் ஓர் இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தார். குழுவுக்கு வந்தபோது கையில் கிப்சன் லெஸ் பால், பின்னால் மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி). இந்தக் கூட்டணி கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருந்ததுதான். காஸஃபைத் தனியாகக் காட்டுவது அவருடைய விப்ராட்டோ. ஒரு சுரத்தை அழுத்திய பிறகு விரலை எடுக்காமல், தந்தியை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருப்பது. எல்லா கிட்டாரிஸ்டும் செய்வார்கள். மற்றவர்கள் மெதுவாக, அகலமாக அசைப்பார்கள். காஸஃபின் அசைவு வேகமாகவும் நெருக்கமாகவும் இருக்கும், அழுகையை அடக்குகிறவரின் குரல் நடுங்குவதைப் போல. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நாலு விநாடி நிற்பார். அந்த நாலு விநாடியும் உயிரோடு இருக்கும். 1969-இல் கிளாப்டன் அப்போது இருந்த பிளைன்ட் ஃபெயித் குழுவோடு ஃப்ரீ அமெரிக்கா போனபோது, இதை எப்படிச் செய்கிறாய் என்று கிளாப்டனே அவரிடம் கேட்டதாகச் சொல்வார்கள்.

இப்படி ஒரே சுரத்தில் நிற்க வேண்டுமானால் சுற்றிலும் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுத்தவர்கள் ஃப்ரேசரும் கர்க்கும். கர்க்கின் டிரம்ஸில் அலங்காரம் ரொம்பக் குறைவு. ஃப்ரேசர் நினைத்தால் மௌனமாக இருப்பார், நினைத்தால் பேஸையே முன்னணிக் கருவியாக்கிவிடுவார். ‘மிஸ்டர் பிக்’ பாட்டின் நடுவில் அதுதான் நடக்கிறது. கிட்டார் ஓரமாக ஒதுங்கி நிற்க, பேஸ் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. அப்போது அவருக்கு வயது 17. ஒரு பாட்டு மட்டும்தான் கேட்க நேரம் இருக்கிறது என்றால் ‘ஆல் ரைட் நவ்’ வேண்டாம், இதைக் கேளுங்கள்.

சரி, ‘ஆல் ரைட் நவ்’ எப்படி வந்தது? டர்ஹமில் ஒரு நிகழ்ச்சி. கூட்டம் குறைவு, கைதட்டலும் இல்லை. வாசித்து முடித்து உடைமாற்றும் அறைக்கு வந்தபோது, ஆட வைக்கிற மாதிரி நம்மிடம் ஒரு பாட்டு இல்லையே என்ற பேச்சு எழுந்தது. ஃப்ரேசர் அங்கேயே பல்லவியை முணுமுணுக்க ஆரம்பித்தார். ஆல்பத்தில் ஐந்தரை நிமிடம் ஓடும் அந்தப் பாட்டை சிங்கிளுக்காக, அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டுக்காக, சுமார் நாலேகால் நிமிடமாக வெட்டினார்கள். பாடல் தரவரிசையில் பிரிட்டனில் 2-ஆம் இடம், அமெரிக்காவில் 4-ஆம் இடம். அது இடம்பெற்ற ‘ஃபயர் அண்ட் வாட்டர்’ ஆல்பமும் பிரிட்டனில் 2-ஆம் இடத்துக்குப் போனது. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை அமெரிக்க சோல் பாடகர் வில்சன் பிக்கெட் எடுத்துப் பாடினார். கறுப்பின மக்களின் இசையைக் கேட்டு வளர்ந்த வெள்ளைக்கார இளைஞர்கள் எழுதிய பாட்டை, அந்த இசையின் உச்சத்தில் நின்ற ஒருவரே எடுத்துப் பாடினார். இதைவிடப் பெரிய பாராட்டு என்ன இருக்கிறது?

1970 ஆகஸ்டில் ஐல் ஆஃப் வைட் இசைத் திருவிழாவில் லட்சக்கணக்கான மக்கள் முன்னால் நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த அடுத்த ஆல்பம் ‘ஹைவே’ பிரிட்டனில் 41-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. இன்னொரு ‘ஆல் ரைட் நவ்’வை எதிர்பார்த்தவர்களுக்கு அடக்கமான, மென்மையான பாடல்கள் கிடைத்தன. எனக்கு அந்த ஆல்பம் மிகவும் பிடிக்கும். ‘பி மை ஃபிரெண்ட்’ பாட்டில் ராட்ஜர்ஸ் பாடுவதைக் கேட்ட பிறகும் அது தோல்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் குழு அதைத் தாங்கவில்லை. ராட்ஜர்ஸுக்கும் ஃப்ரேசருக்கும் ஒத்துப்போகவில்லை. காஸஃப் போதை மாத்திரைகளில் விழுந்துகொண்டிருந்தார். 1971-இல் பிரிந்தார்கள். பிரிகிற நேரத்தில் வந்த ‘மை பிரதர் ஜேக்’ 4-ஆம் இடம் பிடித்தது.

1972-இல் மறுபடி சேர்ந்தார்கள். காஸஃபை மீட்டுவிட முடியும் என்ற நம்பிக்கை அதற்கு ஒரு பெரிய காரணம். ‘ஃப்ரீ அட் லாஸ்ட்’ வந்தது. ஆனால் அதே ஆண்டில் ஃப்ரேசர் விலகினார். ஜப்பானியரான டெட்சு யமவுச்சி பேஸுக்கும், டெக்சாஸ்காரரான ஜான் ‘ராபிட்’ பண்ட்ரிக் கீபோர்டுக்கும் வந்தார்கள். 1973 ஜனவரியில் கடைசி ஆல்பம் ‘ஹார்ட்பிரேக்கர்’. அதன் ‘விஷிங் வெல்’ 7-ஆம் இடம். காஸஃப் அந்த ஆல்பத்தின் சில பாடல்களில்தான் இருக்கிறார். அட்டையில் அவர் பெயரைக் கூடுதல் கலைஞர் என்று போட்டார்கள். தொடங்கியவர்களில் ஒருவருக்கு அப்படிப் போட்டது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

[திரையில்: ‘தி ஃப்ரீ ஸ்டோரி’ அட்டை]

இனி தொகுப்புகளுக்கு வருவோம். குழு கலைந்த உடனேயே, 1973-இல், ஐலன்ட் வெளியிட்டது ‘தி ஃப்ரீ ஸ்டோரி’. இரட்டை எல்.பி., அதாவது இரண்டு இசைத்தட்டுகள், நாலு பக்கம். ஹிட் பாட்டுகளை மட்டும் பொறுக்கி அடுக்கியது அல்ல. ‘ஐ’ம் எ மூவர்’ என்ற ஆரம்பகாலப் பாட்டில் தொடங்கி, குழு வளர்ந்த வரிசையிலேயே போகிறது. இடையில் பிரிந்திருந்த மாதங்களில் காஸஃபும் கர்க்கும் டெட்சு, ராபிட்டோடு சேர்ந்து செய்த பதிவையும் விடவில்லை.

வரிசையாகக் கேட்பதால் என்ன லாபம்? முதல் பக்கத்தில் சத்தம் நிறைந்திருக்கிறது. அப்புறம் ‘ஃபயர் அண்ட் வாட்டர்’ காலத்தில் இடைவெளி முழு அளவில் திறக்கிறது. கடைசிப் பக்கத்துக்கு வரும்போது அந்த இடைவெளியைப் பியானோவும் ஆர்கனும் நிரப்ப ஆரம்பிக்கின்றன. ஒரு குழு உருவானதும் உடைந்ததும் யாரும் விளக்காமலே காதுக்குத் தெரிகிறது. தனித்தனி ஹிட்டாகக் கேட்டால் இது பிடிபடாது.

இதற்கு நேர்மாறானது 1991-இல் வந்த ‘பெஸ்ட் ஆஃப் ஃப்ரீ’. அந்த ஆண்டு ஒரு சூயிங் கம் விளம்பரத்தில் ‘ஆல் ரைட் நவ்’ வர, பாட்டு மறுபடி பிரிட்டனில் 8-ஆம் இடத்துக்கு ஏறியது. கூடவே வந்த தொகுப்புக்காகப் பாடல்களை ஒலிக் கலவையாளர் பாப் கிளியர்மவுன்டன் ரீமிக்ஸ் செய்தார், அதாவது பழைய பதிவின் ஒலிகளைப் புதிதாகக் கலந்தார். அவர் பெரிய நிபுணர், அதில் சந்தேகமில்லை. ஆனால் டிரம்ஸுக்குப் பின்னால் பெரிய கூடத்தின் எதிரொலி சேர்ந்ததும், வேண்டுமென்றே காலியாக விட்டிருந்த இடம் நிரம்பிவிடுகிறது. ஃப்ரீக்கு அது பொருந்தவில்லை என்பது என் முடிவு. புதிய தலைமுறை ஒன்று இந்தக் குழுவைத் தெரிந்துகொண்டது அந்தத் தொகுப்பால்தான். அந்த அளவுக்கு அதற்கு நன்றி.

1993-இன் ‘மோல்டன் கோல்டு’ இரண்டு சி.டி.; தொடங்குகிறவர்களுக்கு நல்லது. 2000-இல் வந்த ‘சாங்ஸ் ஆஃப் யெஸ்டர்டே’ ஐந்து சி.டி. பெட்டி. வெளிவராத பதிவுகள், மேடைப் பதிவுகள் எல்லாம் உண்டு. குழுவை ஏற்கெனவே நேசிப்பவர்களுக்கான பெட்டி அது. முதல்முறை கேட்பவர்கள் அதில் மூழ்கிவிடுவார்கள்.

காஸஃப் 1976 மார்ச்சில், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் இறந்துபோனார். வயது 25. ராட்ஜர்ஸும் கர்க்கும் ‘பேட் கம்பெனி’ தொடங்கி உலகப் புகழ் பெற்றார்கள். ஃப்ரேசர் 2015-இல் கலிஃபோர்னியாவில் மறைந்தார்.

கேட்கத் தொடங்குகிறவர்கள் ‘தி ஃப்ரீ ஸ்டோரி’யை முதல் பாட்டிலிருந்து வரிசை மாற்றாமல், ஷஃபிளை அணைத்துவிட்டுப் போடுங்கள். பிறகு ‘ஃபயர் அண்ட் வாட்டர்’ முழு ஆல்பம். அதன் பிறகு ‘ஹைவே’. காஸஃபின் விப்ராட்டோவுக்கு ‘கம் டுகெதர் இன் தி மார்னிங்’ பாட்டின் சோலோ. உடல்நிலை மிகவும் மோசமாக இருந்த காலத்தில் வாசித்தது. செயலியில் தேடும்போது பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘1991 ரீமிக்ஸ்’ என்று இருந்தால் அதைத் தாண்டிப் போய், 1970 ஆல்பத்தில் இருக்கும் பதிவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, சரணத்தில் எந்தப் பதிவு உங்களை அதிகம் காத்திருக்க வைக்கிறது என்று கமென்டில் எழுதுங்கள்.