வாட்ச்டாக் கைமாறும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். ஆள் அருகில் இல்லாத இடங்களில் ஓயாமல் இயங்க வேண்டிய கணினிகளுக்குள் வாட்ச்டாக் டைமர் என்னும் சிறிய மின்சுற்று ஒன்று இருப்பது வழக்கம். அது கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வரும். குறித்த நேரத்துக்குள் மென்பொருளிடமிருந்து சமிக்ஞை வந்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வராவிட்டால், மென்பொருள் உறைந்துவிட்டது என்று கொண்டு அது கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். இயங்குதளம் முழுமையாக எழுந்து நின்ற பிறகு இந்தச் சமிக்ஞையை அனுப்புவது எளிய வேலை. எழுந்துகொண்டிருக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில் அதை யார் அனுப்புவது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பழுது என்று திரும்பி வந்த கருவி ஒன்றை மேசையில் வைத்து, சீரியல் கேபிளைச் செருகித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் வந்ததும் முதலில் ஓடி இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரலான பூட்லோடரின் வரிகள் ஓடின. பிறகு இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் வரிகள் ஓடின. சேமிப்பகத்தில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையில் பிழை இருப்பதால் முழுச் சோதனை தொடங்குகிறது என்று ஒரு வரி வந்தது. சோதனை பாதியைத் தாண்டிய நிலையில் எல்லாம் சட்டென்று நின்று, மீண்டும் பூட்லோடரின் முதல் வரி தோன்றியது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு சுற்றும் ஒரே அளவாக இருந்தது. பூட்லோடர் வாட்ச்டாகை 60 நொடிக்கு முடுக்கிவிட்டுக் கெர்னலிடம் பொறுப்பை விட்டிருந்தது. சோதனைக்கோ அதைவிடக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. கெர்னல் ஏன் சமிக்ஞை அனுப்பவில்லை என்று தேடினால், வாட்ச்டாகை இயக்கும் நிரல்பகுதியான டிரைவர், கெர்னலோடு சேராமல் பிறகு ஏற்றப்படும் தனி மாட்யூலாகத் தொகுக்கப்பட்டு, சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே சேமிப்பகத்துக்குள் இருந்தது. சோதனை முடிந்தால்தான் டிரைவர் ஏறும். டிரைவர் ஏறினால்தான் சோதனை முடியும்.

இத்தகைய நிலையில் பலரும் முதலில் செய்வது, பூட்லோடரிலேயே வாட்ச்டாகை அணைத்துவிடுவது. அதை நான் ஏற்பதில்லை. கணினி உறைந்துபோகும் வாய்ப்பு மிகுந்த கட்டமே தொடக்கம்தான். அங்கே காவலை எடுத்துவிட்டால், உறைந்த கருவியை உயிர்ப்பிக்க ஒருவர் நேரில்தான் போக வேண்டும். தவிரவும், ஐ.எம்.எக்ஸ் 6 போன்ற சில்லுகளில் உள்ள வாட்ச்டாகை ஒரு முறை முடுக்கிவிட்டால் மென்பொருளால் அணைக்கவே முடியாது. அதன் உச்சவரம்பு 128 நொடி. யூஈஎஃப்ஐ என்னும் தொடக்கமுறையைப் பின்பற்றும் கணினிகளில் நிலைமை வேறு வகையில் சிக்கலானது. அங்கே கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர், தொடக்க நிரலை ஓட்டும் முன் 5 நிமிட வாட்ச்டாக் ஒன்றை வைக்கிறது. இயங்குதளம் ஃபர்ம்வேரின் தொடக்கச் சேவைகளை முடித்துக்கொண்ட உடனே அது நீங்கிவிடுகிறது. அதன் பின் இயங்குதளத்தின் டிரைவர் வேறொரு வன்பொருள் வாட்ச்டாகைக் கையில் எடுக்கும்வரை காவலில்லை.

ஆகவே நான் டிரைவரை மாட்யூலாக வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்தேன். லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. பூட்லோடர் முன்பே முடுக்கிவிட்ட வாட்ச்டாகை டிரைவர் அடையாளம் கண்டு சொன்னால், கெர்னலுக்கு வெளியே ஓடும் பயனர் நிரல் ஒன்று வந்து பொறுப்பேற்கும்வரை கெர்னலே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். கருவியின் சுழற்சி இதனால் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் இதிலேயே பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. பயனர் நிரல்கள் எழவே இல்லை என்றாலும், கெர்னல் உயிரோடிருக்கும் ஒரே காரணத்தால் சமிக்ஞை போய்க்கொண்டே இருக்கும். வாட்ச்டாகும் எல்லாம் நலம் என்றே நம்பிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க, ஓப்பன் டைம்அவுட் என்னும் அளவுருவில், இத்தனை நொடிக்குள் எவரும் பொறுப்பேற்காவிட்டால் கெர்னல் சமிக்ஞையை நிறுத்திவிட வேண்டும் என்று வரையறுக்கலாம். இயல்பாக அதன் மதிப்பு 0, அதாவது வரம்பே இல்லை. அதை அப்படியே விட்டுவிடுவது, பிடிபடாத கோளாறுக்கு நாமே இடம் கொடுப்பதாகும். நான் 300 நொடி வைத்தேன். மிக நீண்ட கோப்புச் சோதனைக்கும் அது போதும் என்று அளந்து பார்த்த பிறகே வைத்தேன்.

அடுத்த கைமாற்றம், கெர்னலுக்குப் பின் எழுந்து மற்ற நிரல்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்-டியிடம். அது தனக்குக் கொடுக்கப்பட்ட கால அளவில் ஏறத்தாழப் பாதிக்கு ஒரு முறை சமிக்ஞை அனுப்பும். இதுவும் சிஸ்டம்-டி உயிரோடிருப்பதைத்தான் காட்டுகிறது. கருவியின் உண்மையான வேலையைச் செய்யும் நிரல் உறைந்திருக்கலாம். அந்த நிரலுக்கும் தனியே ஒரு காலக்கெடு வைக்க வேண்டும்.

பல முறை தொடக்கம் தோற்றால் என்ன செய்வது என்பதும் இதனோடு சேர்ந்தது. யூ-பூட் பூட்லோடரில் தொடக்க முயற்சிகளை எண்ணி, வரம்பைக் கடந்தால் மாற்றுக் கட்டளையை ஓட்டும் ஏற்பாடு இருக்கிறது; அதன்வழி பழைய, நம்பகமான மென்பொருளுக்குத் திரும்பலாம். அந்த எண்ணிக்கையை எப்போது பூச்சியமாக்குகிறோம் என்பதில்தான் பிழை நேர்கிறது. கெர்னல் எழுந்ததுமே பூச்சியமாக்கினால், அதன் பிறகு வரும் எந்தத் தோல்வியும் கணக்கில் ஏறாது. முதன்மை நிரல் தன் முதல் வேலையைச் செய்து முடித்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

மேசையில் இருந்த அந்தக் கருவியில் புதிய கெர்னலை ஏற்றி மின்சாரம் கொடுத்தேன். 60 நொடி கடந்தது, சோதனை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நிமிடம் முடியும் முன் சோதனை நிறைவடைந்து, திரையில் லாகின் வரி வந்து நின்றது.