நாற்காலியை விட்டு எழுவது

நேயர்களுக்கு வணக்கம். ரேட்ஸ் என்னும் நகரசபைச் சொத்துவரிக் கடிதம் வந்த நாளில், நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் வீடுகளில் என்ன பேச்சு நடக்கும் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1924-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில் வந்த நகரசபைச் சட்டம், இந்தியர் புதிதாக வாக்காளராகச் சேரும் வழியை அடைத்த பிறகும், வரியை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டது. அதனால், வரியைப் பற்றி ஆலோசனை சொல்லும் நாற்காலி ஒன்று கிடைத்தால் அதை விட்டு எழ நமக்கு மனம் வருவதில்லை. எனக்கும் வரவில்லை, அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

கவுன்சிலரைத் தலைவராகவும், அவருடன் அதிகபட்சம் 10 பேரையும் கொண்டது, நகரசபைக்கு ஆலோசனை சொல்லும் வார்டு கமிட்டி. அதில் நானும் ஓர் உறுப்பினர். நிதியாண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்குவதால், அதற்கு 90 நாட்கள் முன்பாகவே வரவுசெலவு வரைவு நகரசபைக்கு வந்துவிட வேண்டும். பிறகு அது நம்மைப் போன்றவர்களின் கருத்துக்கு வரும். அப்படி ஓர் ஏப்ரல் மாலையில், ரேட்ஸ் விலக்கைப் பற்றி நான் நீளமாகப் பேசினேன். சமய அமைப்பின் பெயரில் பதிவாகி, முதன்மையாக வழிபாட்டுக்கே பயன்படும் சொத்துக்கு ரேட்ஸ் விதிக்கக்கூடாது என்கிறது 2004-ஆம் ஆண்டுச் சொத்துவரிச் சட்டம். கோவிலை ஒட்டி, தனி மனையில் நிற்கும் கல்யாண மண்டபத்துக்கும் அதே சலுகையைப் பரிந்துரைக்க வேண்டும் என்பது என் வாதம். அன்னதானம், தேவாரம், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். மண்டபத்தின் சனிக்கிழமை வாடகையை மட்டும் சொல்லவில்லை.

பின்வரிசையில் இருந்த ஓர் ஆயா, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடியே, “தம்பி, அந்த மண்டபத்து ரசீதில் கையெழுத்து உன்னுடையதுதானே?” என்று கேட்டார். நான்தான் அந்தக் கோவிலின் பொருளாளர். ஒரு காசும் என் பைக்குள் போனதில்லை என்று உடனே சொன்னேன். “அதையா கேட்டேன்?” என்றார் அவர்.

நேயர்களே, சொந்த நலன் இருப்பது திருட்டன்று. சின்ன ஊரில் வரி தெரிந்தவருக்கு வீடோ கடையோ கோவிலோ இருக்கத்தான் செய்யும். ஆனால் கவுன்சிலருக்கான நடத்தை விதி, தனக்கோ துணைவருக்கோ கூட்டாளிக்கோ உள்ள நலனைச் சொல்வதுடன் நிற்கவில்லை. அது அற்பமானது என்று சபை தீர்மானித்தாலன்றி, அந்தப் பேச்சு முடியும்வரை அவர் விலகியிருக்க வேண்டும் என்கிறது. திரும்பவும் சொல்கிறேன்: சொன்னால் மட்டும் போதாது, எழுந்து போக வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்தால், வாய் திறக்காவிட்டாலும் நம் முகத்துக்காகவே நண்பர்கள் கை தூக்குவார்கள்.

அடுத்த கூட்டத்தில் மண்டபம் பேச்சுக்கு வந்தபோது நான் வராந்தாவில் நின்றேன். கோரிக்கை தோற்றது. கோவில் கமிட்டியில் சிலர் இன்றும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

சொத்து மதிப்பீட்டை எதிர்த்து முறையிடும் வாரியத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரம் முடிந்ததென்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: ரேட்ஸுக்கு அடிப்படையான புதிய சொத்து மதிப்பீட்டுப் பட்டியல் வெளியானால், ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 30 நாட்கள் உண்டு. வணக்கம்.